புதுக்கோட்டை ஜன்னலுக்கு வியர்க்காத காலம்

குளிர்கால ஊட்டியில் விடிகாலையில் பார்த்தால், கண்ணாடி ஜன்னலின் உள்பக்கம் நீர் முத்துமுத்தாக நிற்கும். வீட்டில் இருப்பவர்களின் மூச்சு, சமையல் ஆவி, ஈரத்துணி... எல்லாம் குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீராகிவிடும். ஜான் சல்லிவன் 1822-ல் அங்கே கல் வீடு கட்டத் தொடங்கியதிலிருந்து மலைக்கு வந்த தொல்லை இது! வெள்ளைக்காரர்கள் வைத்த கணப்புக்கு மேலிருந்த புகைபோக்கி, புகையோடு ஈரக்காற்றையும் வெளியே இழுத்தது.

மார்கழிப் பனி புதுக்கோட்டைச் சீமையிலும் உண்டு. ஆனால் ராயவரம், அரிமளம், ராமச்சந்திரபுரம் நகரத்தார் வீடுகளில் இந்தப் பேச்சே இல்லை. ஜன்னலுக்கு மரக்கதவும் இரும்புக் கம்பியும்தான். அடுப்படி கடைசிக் கட்டில். நடுவே வானம் பார்த்த முற்றம். ஆவி தேங்க இடமேது? நிலைக்கு மேலே கலர் கண்ணாடி பதித்தவர்களும் முற்றத்தை மூடவில்லை.

இன்று நடப்பது தலைகீழ். முற்றம் போய், அலுமினிய ஜன்னலும் ஏசியும் வந்தாயிற்று. 30 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் நீராகும். ஏசியை 18-ல் வைத்தால் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் வியர்க்கிறது. துடைத்துப் பயனில்லை, 26-க்கு ஏற்றினால் நின்றுவிடும்.

ஊட்டிக்கு மருந்து வேறு. சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன், காலையில் கொஞ்ச நேரம் திறந்த ஜன்னல். காசிருந்தால் இரட்டைக் கண்ணாடி. அதற்கு அமெரிக்காவில் 1865-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். நடுவில் அடைபட்ட காற்று உள்கண்ணாடியைக் குளிரவிடாது.