நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம்

தோளில் மாட்டிக்கொண்டு புல்லும் புதரும் வெட்டும் பெட்ரோல் இயந்திரத்தை நம்மூரில் பிரஷ் கட்டர் என்கிறோம். ஜப்பானில் அதைத் தொழிலாளியின் கையில் கொடுப்பதற்கு முன் 6 மணி நேரப் பயிற்சி தர வேண்டும் என்று அந்நாட்டுத் தொழிலாளர் அமைச்சகம் 2000 பிப்ரவரியில் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஐந்து மணி நேரம் பாடம், ஒரு மணி நேரம் செய்முறை. பாடத்தில் இயந்திரத்தைப் பற்றி 1 மணி நேரம், வெட்டும் முறைக்கு 1 மணி நேரம், பராமரிப்புக்கும் சட்டத்துக்கும் அரை அரை மணி. எஞ்சிய 2 மணி நேரமும் அதிர்வு கைக்குச் செய்யும் கேட்டைப் பற்றியது.

காலை அறுக்கக்கூடிய தகடு கண்ணெதிரே சுழல்கிறது. அப்படியிருக்க, அதிர்வுக்கு ஏன் எல்லாவற்றையும்விட அதிக நேரம்? அதற்கான பதில் அந்நாட்டின் மலைக்காடுகளில், இன்னொரு 40 ஆண்டுகள் பின்னால் போனால் கிடைக்கும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜப்பானின் மலைகள் மொட்டையடிக்கப்பட்டன. போர் முடிந்ததும் வீடு கட்ட மரம் வேண்டும் என்று சுகி, ஹினோகி என்ற ஊசியிலை மரங்களின் கன்றுகளை மலைச்சரிவெங்கும் நட்டார்கள். இன்று அந்நாட்டுக் காடுகளில் ஏறக்குறைய 40 சதவீதம், சுமார் 1 கோடி ஹெக்டேர், மனிதர் நட்ட காடுதான். நட்டால் மட்டும் போதாது. கோடை மழையில் புல்லும் மூங்கில் புதரும் கன்றுக்கு மேலே எழுந்து வெயிலை மறைத்துவிடும். கன்று தலைதூக்கும் வரை, ஐந்தாறு கோடைகளுக்கு, ஆள் இறங்கிச் சுற்றிலும் வெட்டிவிட வேண்டும். ஷிதகாரி என்பது இந்த வேலையின் பெயர். நீண்ட பிடி போட்ட அரிவாளோடு, புழுக்கத்தில், கால் நிற்காத சரிவில், ஆண்களும் பெண்களும் செய்தார்கள். காட்டுவேலையில் இதைவிட இடுப்பை ஒடிப்பது வேறில்லை.

1954 செப்டம்பரில் ஒரு பெரும்புயல் வடக்கே ஹொக்காய்டோவைத் தாக்கியது. தோயா மாரு என்ற பயணிகள் கப்பல் கவிழ்ந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்த அதே புயல், காடுகளில் எண்ண முடியாத அளவு மரங்களையும் சாய்த்தது. விழுந்த மரம் அழுகுவதற்குள் அறுத்தெடுக்கக் கைரம்பம் போதவில்லை. வெளிநாட்டு மோட்டார் ரம்பங்கள் வந்து இறங்கின. அவற்றின் பின்னாலேயே புதர்வெட்டியும் காட்டுக்குள் நுழைந்தது. ஒரு முனையில் சிறிய எஞ்சின், நடுவே நீண்ட குழாய், அதற்குள் சுழலும் தண்டு, மறுமுனையில் வட்டத் தகடு. மலையில் பழகிய இயந்திரம் மெல்ல வயலுக்கும் இறங்கியது. சரிவில் படிப்படியாக அமைந்த நெல்வயல்களின் வரப்புகள் உயரமானவை, கோடையில் பலமுறை புல் வெட்டியாக வேண்டியவை. கரிபராய்கி என்ற பெயரோடு அது இன்று அந்நாட்டு விவசாயியின் கொட்டகையில் மண்வெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறது.

வேலை வேகமானது. ஆனால் சில குளிர்காலங்கள் போனதும், அரசுக் காடுகளில் மோட்டார் ரம்பம் பிடித்தவர்களின் விரல்கள் காலைக் குளிரில் வெளுக்கத் தொடங்கின. நுனியிலிருந்து கணு வரை இரத்தம் வற்றி, மெழுகால் செய்து ஒட்டவைத்தது போல. சட்டைப் பித்தானைப் போட முடியவில்லை. கையில் இருப்பது ஆணியா குச்சியா என்று தடவிப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. இரவில் வலி தூங்கவிடவில்லை. மக்கள் அதற்கு வைத்த பெயர் ஹகுரோப்யோ, அதாவது வெள்ளை மெழுகு நோய்.

மருத்துவத்துக்கு இது புதியதல்ல. இத்தாலியில் ஜியோவான்னி லோரிகா 1911இலேயே, காற்றழுத்தக் கருவிகளோடு வேலை செய்தவர்களிடம் இதைக் கண்டு எழுதினார். அமெரிக்காவில் ஆலிஸ் ஹாமில்டன் 1918இல் இண்டியானா மாநிலத்தின் பெட்ஃபோர்டுக்குப் போய், சுண்ணாம்புக்கல் செதுக்குவோரின் வெளுத்த விரல்களைக் குளிரில் நேரில் பார்த்து அறிக்கை கொடுத்தார். விடாத அதிர்வு விரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருங்கவைக்கிறது, நரம்பையும் கெடுக்கிறது. தொடக்கத்திலேயே அந்த வேலையை விட்டுவிட்டால் கை தேறலாம், முற்றிய பிறகு பெரும்பாலும் தேறுவதில்லை. இவ்வளவும் தெரிந்திருந்தும், அரை நூற்றாண்டு கழித்துக் காட்டுக்குள் போன இயந்திரத்தோடு அந்த அறிவு போய்ச் சேரவில்லை. இந்த வரலாற்றில் மனத்தை அதிகம் வருத்துவது இந்த இடைவெளிதான்.

1965இல் ஜப்பானின் பொதுத் தொலைக்காட்சியான என்எச்கே இந்த விரல்களை நாடு முழுவதற்கும் காட்டியது. மறு ஆண்டு அரசுக் காட்டுத் தொழிலாளர்களுக்கு இது தொழில்நோய் என்று ஏற்கப்பட்டது. தொழிற்சங்கம் விடாமல் போராடி 1969இல் வனத்துறையோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தது: அதிரும் இயந்திரத்தை ஒருவர் நாளொன்றுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. 1970இல் தொழிலாளர் அமைச்சகமும் மோட்டார் ரம்பத்துக்கு அதே வரம்பை அறிவுறுத்தியது. எஞ்சினுக்கும் கைப்பிடிக்கும் இடையே ரப்பரும் ஸ்பிரிங்கும் வந்தது இந்த ஆண்டுகளை ஒட்டித்தான். 2009இல் அரசு கணக்கை நுணுக்கமாக்கியது. இயந்திரத்தின் அதிர்வளவையும் அதைப் பிடிக்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, எட்டு மணி நேரச் சராசரி 5.0 மீட்டர்/வினாடி² என்ற எல்லையைத் தாண்டக் கூடாது என்றது, 2.5ஐத் தாண்டினாலே குறைக்க வழி தேட வேண்டும் என்றது. ஆனால் பழைய 2 மணி நேர வரம்பு பொதுவாக அப்படியே நீடித்தது.

தகட்டின் ஆபத்து வேறு வகை. ஜப்பானில் பரவலாகப் பயன்படும் வட்டத் தகட்டின் விட்டம் 255 மில்லிமீட்டர். அது நிமிடத்துக்கு 6,000 முறை சுற்றினால் விளிம்பின் வேகம் வினாடிக்கு 80 மீட்டர், அதாவது மணிக்கு 290 கிலோமீட்டர் அளவில் இருக்கும். மேலிருந்து பார்த்தால் தகடு இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. ஆகவே வலமிருந்து இடமாக வீச வேண்டும், தகட்டின் இடது முன்பகுதியால் வெட்ட வேண்டும். வலது முன்பகுதி ஒரு கட்டையிலோ கல்லிலோ பட்டால் தகடு கடிக்காமல் அதன்மேல் ஏறி உருளும். இயந்திரம் முழுதும் வலப்பக்கமாகவும் பின்னாகவும் எகிறும். பழகிய கைகளாலும் அந்த நொடியில் அதை அடக்க முடியாது. தோள்வார் இங்கேதான் காப்பாற்றுகிறது. பாரத்தைத் தாங்குவதோடு, தகடு காலுக்கு எட்டாத தூரத்தில் இயந்திரத்தைக் கட்டிப்போட்டும் வைக்கிறது. வாரை மாட்டாமல் கையாலேயே தூக்கி வெட்டுபவருக்கு இந்தத் தடுப்பு இல்லை.

தகட்டுக்குப் பதிலாகச் சுழன்று புல்லை வெட்டும் நைலான் நரம்பின் கதை வேறொரு நாட்டில், மலையே இல்லாத ஹூஸ்டன் நகரில் தொடங்குகிறது. நடனப் பள்ளி நடத்திய ஜார்ஜ் பாலஸ் 1971இல் தன் காரைத் தானியங்கி நிலையத்தில் கழுவக் கொடுத்தார். சுழலும் நைலான் தூரிகைகள் வண்ணத்தைக் கீறாமல் அழுக்கை மட்டும் எடுப்பதைப் பார்த்தபோது, வீட்டு மரங்களின் பட்டையைக் காயப்படுத்தாமல் அடியில் உள்ள புல்லை வெட்ட ஒரு வழி தோன்றியது. பாப்கார்ன் தகர டப்பாவில் துளையிட்டு, தூண்டில் நரம்பைக் கோத்து, புல் ஓரம் வெட்டும் இயந்திரத்தில் பொருத்திச் சுழற்றினார். வீட் ஈட்டர் பிறந்தது. கருவி செய்யும் நிறுவனங்கள் அதை ஏற்க மறுத்ததால் தாமே தயாரித்து விற்றார். 1977இல் எமர்சன் எலெக்ட்ரிக் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது.

நரம்பு எகிறாது, காலைத் துண்டிக்காது. அதனாலேயே அது தீங்கற்றது என்ற எண்ணம் பரவியது. உண்மையில் நரம்பு தகட்டைவிட அதிகமாகக் கல்லை வாரி இறைக்கிறது. கண்ணைக் காக்கும் கண்ணாடி, தாடை வரை மறைக்கும் முகமூடி, தகட்டுக்குப் பின்னால் நிற்கும் மறைப்பு ஆகிய மூன்றும் நரம்புக்கும் அப்படியே பொருந்தும். பலர் முதலில் கழற்றி எறிவது அந்த மறைப்பைத்தான், புல் சிக்குகிறது என்று. சிக்கினால் எஞ்சினை நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும். நிறுத்தாமல் கையை விட்டு விரலை இழந்தவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

நைலானுக்கு மாற்றாகச் சிலர் இரும்புச் சங்கிலித் துண்டுகளைச் சுழலவிடும் தலைகளை விற்கத் தொடங்கினார்கள். பிரிட்டனில் அப்படி ஒரு சங்கிலியின் கண்ணி அறுந்து பறந்து ஓர் உயிரைப் பறித்தது. அதை அடுத்து ஐரோப்பிய ஆணையம் 2012 ஜனவரியில், கோத்த இரும்புத் துண்டுகளால் ஆன இத்தகைய தலைகளைச் சந்தைக்குக் கொண்டுவருவதைத் தடை செய்யுமாறு உறுப்பு நாடுகளுக்கு உத்தரவிட்டது. தயாரிப்பாளர்களின் கையேடுகள் பல 15 மீட்டருக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது என்று சொல்வது பறக்கும் பொருளை நினைத்துத்தான். காதடைப்பு மாட்டியவருக்குப் பின்னால் வருபவரின் குரல் கேட்காது. தோளைத் தட்டினால் இயந்திரத்தோடு திரும்புவார். அதனால் அவர் பார்வையில் படும்படி எதிரே தள்ளி நின்று கையசைத்து, எஞ்சின் நின்ற பிறகே கிட்டே போக வேண்டும்.

தமிழ்நாட்டுத் தென்னந்தோப்புகளிலும் நீலகிரித் தேயிலைச் சரிவுகளிலும் இந்த இயந்திரம் இப்போது புதிதல்ல. 2014-15இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தின் மானியமும் அதன் வரவை எளிதாக்கியது. மணிக்கணக்கில் கூலி பேசி, துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு, ரப்பர் செருப்போடு காலையிலிருந்து மாலை வரை வெட்டுபவர்களைச் சாலையோரங்களில் பார்க்கலாம். ஜப்பானியக் குளிர் இங்கே இல்லை. விரல் வெளுப்பதற்குக் குளிர் வேண்டும். மலேசியாவில் அதிரும் கருவிகளோடு வேலை செய்பவர்களை ஆராய்ந்தபோது வெளுத்த விரல்களைக் காண்பது அரிதாக இருந்தது. மரத்துப்போதலும் ஊசி குத்துவது போன்ற உணர்வும்தான் மிகுதியாகத் தெரிந்தன. தொலைக்காட்சியில் காட்டக்கூடிய மெழுகு விரல் வெப்ப நாட்டில் பெரும்பாலும் உருவாவதில்லை, நரம்பு மட்டும் சத்தமின்றிக் கெடுகிறது. டீ குடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு உட்காருபவர் டம்ளரைப் பிடித்ததும் சூடு உறைக்கவில்லை என்றால், கையை உதறிக்கொள்கிறார். சிறிது நேரத்தில் சரியாகிவிடுகிறது. மீண்டும் வாரை மாட்டிக்கொண்டு எழுந்து போகிறார்.