கடைமடை வாழைக்கு எத்தனை லிட்டர்? தாமிரபரணிக் கழிமுகத்தில் நீர்க்கணக்கு வளர்ந்த வரலாறு

கொற்கையைத் தேடிப் போகிறவர் வாழைத் தோட்டங்களுக்கு நடுவேதான் அதைக் கண்டடைகிறார். பாண்டியரின் முத்துத் துறைமுகமாக இருந்த ஊரைத் தாமிரபரணியின் வண்டல் கடலிலிருந்து பிரித்துச் சில கிலோமீட்டர் உள்ளே விட்டுவிட்டது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்ட காயலுக்கும் அதே கதி நேர்ந்தது. துறைமுகமும் முத்துக்குளிப்பும் தூத்துக்குடிக்கு நகர்ந்தன; வண்டல் இங்கேயே தங்கியது. ஏரல், ஆத்தூர், குரும்பூர்ப் பக்கம் சாலையின் இருபுறமும் நிற்கும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் அந்த வண்டலின் பிள்ளைகள். அங்கே நிற்கும் ஒரு மரம் ஒரு நாளில் எவ்வளவு நீர் குடிக்கிறது என்பது எளிய கேள்வியாகத் தோன்றும். ஆனால் அதைக் கேட்கவே நெடுங்காலம் ஆயிற்று. நீரை அளக்கும் அலகு மாறிய பிறகுதான் இந்தக் கேள்விக்கே இடம் கிடைத்தது என்பது என் வாதம்.

முதலில் இருந்த அலகு நெல். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் ஏழு ஆங்கிலேயருக்கு முந்தியவை. கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் எழுந்தது. மருதூர் மேலக்கால், கீழக்கால், ஸ்ரீவைகுண்டம் வடகால், தென்கால் ஆகிய நான்கும் தூத்துக்குடி மாவட்டத்தில் சுமார் 46,000 ஏக்கருக்குப் பாய்கின்றன. கார், பிசானம் என்ற இரண்டு நெற்பருவங்களை ஒட்டியே வாய்க்கால் திறப்பதும் அடைப்பதும் நடந்தன. பொறியாளர்கள் இதை ‘டியூட்டி’ என்ற கணக்கில் அடைத்தார்கள்: நொடிக்கு ஒரு கன அடி ஓடினால் எத்தனை ஏக்கர் விளையும்? வயலில் தேங்குவது, மண்ணில் இறங்குவது, வாய்க்காலில் கசிவது, பயிர் குடிப்பது எல்லாம் அந்த ஒற்றை எண்ணுக்குள் கரைந்துவிடும். நெல்லுக்கு அது போதுமானதாக இருந்தது.

வாழைக்குப் போதவில்லை. தாவரவியல் வாழையை மரம் என்று ஒப்புவதில்லை. அது ஒரு பெரும் பூண்டு. ஆனால் ஓராண்டுக்கு மேலும் தோட்டத்தில் நிற்பதால் நீர்க்கணக்கில் அது மரங்களோடுதான் சேர்கிறது. பிசானம் அறுத்துக் கார் தொடங்கும்வரை, ஏப்ரல், மே மாதங்களில் வயலில் நெல் இல்லை. டியூட்டிக் கணக்கில் தேவையும் இல்லை. குலை தள்ளிய வாழையோ வெயிலில் நிற்கும். கோடைதோறும் ‘ஒரு தண்ணி விடுங்கள்’ என்று எழும் கோரிக்கையை நான் இந்தக் கணக்கின் குறையாகவே பார்க்கிறேன். மரத்துக்கென்று அதில் ஒரு பத்தியே இல்லை.

நிலத்தை விட்டு வானத்தைப் பார்த்தபோது அடுத்த அலகு பிறந்தது: ஆவி. இந்தக் கடற்கரைக்கு அது புதியதல்ல. உப்பளப் பாத்தியில் கடல்நீரைத் தேக்கி வெயிலும் காற்றும் எவ்வளவு குடிக்கின்றன என்று நாள்தோறும் பார்க்கும் தொழில் தூத்துக்குடியினுடையது. வானிலை ஆய்வாளர்கள் அதே வேலையை 120.7 செ.மீ. விட்டமும் 25 செ.மீ. ஆழமும் கொண்ட ‘கிளாஸ் ஏ’ தொட்டியில் செய்தார்கள். இந்தியாவில் பறவைகள் நீரைக் குடித்துவிடாதபடி அதன்மேல் கம்பிவலை போட்டார்கள். அதனால் அளவு சற்றுக் குறையும். தொட்டி சுற்றுப்புறத்துக்கும் கட்டுப்பட்டது. காய்ந்த தேரி மணலின் நடுவே வைத்தால் மிகைப்படுத்தும். பச்சை வயலின் நடுவே வைத்தால் அடக்கிச் சொல்லும்.

1948இல் இரண்டு சூத்திரங்கள் வெளிவந்தன. அமெரிக்காவின் தார்ன்த்வெயிட் வெப்பநிலையையே பெரிதும் நம்பினார். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வுநிலையத்தில் பென்மன் சூரிய ஆற்றல், காற்று, ஈரப்பதம் மூன்றையும் சேர்த்தார். எந்த ஊருக்கு எது பொருந்தும் என்பது ஏட்டுப் பிரச்சினை என்று தோன்றலாம்; இங்கே அது வாழைக்கு உயிர்ப் பிரச்சினை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை பொதிகை மலையில் கொட்டி ஆற்றை நிரப்புகிறது. அதே பருவக்காற்று மலையிடுக்குகளைத் தாண்டி ஈரமிழந்து கிழக்கே இறங்கி, தூத்துக்குடிச் சமவெளியில் இலைகளை உலர்த்துகிறது. ஆற்றுக்குக் கொடுப்பதும் இலையிடமிருந்து பறிப்பதும் ஒரே காற்று. வெப்பமானியை மட்டும் பார்க்கும் சூத்திரத்துக்கு இந்தக் காற்று தெரியாது. அதை நம்பினால் தேவை குறைத்தே மதிப்பிடப்படும்.

ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் 1977இல் திருத்தி வெளியிட்ட 24ஆம் ஏடும், 1998இல் வந்த 56ஆம் ஏடும் பென்மன் வழியைப் பயிர்களுக்குக் கொண்டுவந்தன. 56ஆம் ஏடு 12 செ.மீ. உயரப் புல்தரையின் நீரிழப்பை அடிப்படையாக வைத்து, ஒவ்வொரு பயிருக்கும் ஒரு கெழுவால் பெருக்கச் சொல்கிறது. முதலாண்டு வாழைக்கு இளமையில் 0.5, முழு வளர்ச்சியில் 1.1. நிலத்தின் பாதியை மூடிய நாரத்தை இன மரங்களுக்கு 0.6 அளவுதான், அவற்றின் இலைகள் உச்சிவெயிலில் தம் துளைகளை ஒடுக்கிக்கொள்கின்றன. புல்தரை இழப்பு நாளுக்கு 6 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வளர்ந்த வாழைக்கு 6.6 மி.மீ. ஆகிறது. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. என்பது ஒரு லிட்டர். 1.8 மீட்டர் இடைவெளியில் நட்ட வாழைக்கு 3.24 சதுர மீட்டர் நிலம் என்றால் நாளுக்கு 21 லிட்டருக்குச் சற்று மேல். சொட்டுநீரின் சிறு சேதாரத்தையும் சேர்த்தால் 24.

மரத்துக்கு லிட்டர் என்ற இந்த அலகு வந்ததும் ஒப்பிடும் வலிமையும் வந்தது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கென வகுத்த திட்டத்தின் அளவு நாளுக்கு 2 கோடி கேலன், அதாவது சுமார் 9 கோடி லிட்டர். ஏறத்தாழ 38 லட்சம் வாழைகளின் ஒருநாள் தேவை அது. ஏக்கர்க் கணக்கில் பேசிய காலத்தில் கடைமடை விவசாயி தன் இழப்பை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல வழி இருக்கவில்லை.

மழையைக் கழிப்பதில்தான் கணக்கு தடுமாறுகிறது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ. மழை பெய்தது. மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரியையே தாண்டிய மழை அது. ஆண்டுக் கூட்டலில் அதைச் சேர்த்தால் வாழைக்குப் பாசனமே வேண்டாம் என்று வரும். உண்மையில் வேர்மண்டலம் பிடித்துவைத்தது சிறு பங்கு. மிச்சம் வாழையையே சாய்த்துக்கொண்டு கடலுக்குப் போனது. வேரில் தங்கும் மழையை மட்டும், மாதவாரியாக அல்ல, நாள்வாரியாகக் கழிப்பதே இந்தக் கரைக்கு நியாயம்.

இத்தனைக்கும் பிறகு உப்பு மிஞ்சுகிறது. உடன்குடி, திருச்செந்தூர்ப் பக்கத்துக் கிணறுகளில் கடல்நீர் ஏறியிருக்கிறது. வாழையோ உப்பைத் தாங்காத பயிர். ஆகவே மரம் குடிப்பதற்கு மேல், உப்பைக் கழுவி இறக்கவும் ஒரு பங்கு நீர் வேண்டும். 1976இல் அயர்ஸ், வெஸ்ட்காட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வகுத்த வழியில், எடுத்துக்காட்டாக, மீட்டருக்கு 1.5 டெசிசீமன்ஸ் உப்புள்ள கிணற்று நீரை ஆரஞ்சு மரத்துக்குப் பாய்ச்சினால் அந்தப் பங்கு ஐந்தில் ஒன்றைத் தாண்டும். சொட்டுநீர் மரத்துக்கு வேண்டியதை மட்டும் தருவதால், நனைந்த வட்டத்தின் விளிம்பிலும் மேல்மண்ணிலும் உப்பு வெள்ளையாகப் பூத்து நிற்கும். ஐப்பசியின் முதல் தூறல் அதைக் கரைத்து நேரே வேருக்குக் கொண்டுபோகும். அதனால், மழை பெய்கிறது, தேவை பூஜ்யம் என்று கணக்கு சொல்லும் அந்த முதல் நாளில் சொட்டுநீரை நிறுத்தக்கூடாது. மழை வலுத்து உப்பு வேருக்குக் கீழே இறங்கும்வரை குழாய் திறந்தே இருக்க வேண்டும்.