ராஜாஜியின் அரசியல் வாழ்வு

சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி (டிசம்பர் 10, 1878 – டிசம்பர் 25, 1972) சென்னை மாகாண முதல்வர், சுதந்திர இந்தியாவின் தலைமை ஆளுநர், சுதந்திராக் கட்சியின் நிறுவனர். சோவியத் பாணிப் பொருளாதாரத் திட்டமிடலை இந்தியாவில் உறுதியாக எதிர்த்த தலைவர்களுள் ஒருவர்.

தொடக்கம்

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தார். அவ்வூர் அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தது. இன்று கிருஷ்ணகிரி மாவட்டம். தந்தை வேங்கடார்யர் அவ்வூரின் முன்சீப். ஓசூர், பெங்களூர், சென்னையில் பயின்று, சேலத்தில் வழக்கறிஞரானார். 1917-ல் சேலம் நகராட்சித் தலைவரானார்.

ஆட்சிப் பொறுப்புகள்

1937-ல் மாகாணப் பிரதமராகி, சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது பெரும் போராட்டத்துக்கு வழிவகுத்தது. 1948 முதல் 1950 வரை தலைமை ஆளுநராக இருந்தார்.

1952 தேர்தலில் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் 375 இடங்களில் 152 மட்டுமே பெற்றது. கம்யூனிஸ்டுகள் பங்குபெறும் கூட்டணி ஆட்சி அமையும் நிலை இருந்தது. அதைத் தடுக்க ராஜாஜி அழைக்கப்பட்டார். தேர்தலில் நிற்காத அவரை ஆளுநர் ஸ்ரீபிரகாசா மேலவைக்கு நியமித்தார். இந்நியமனம் கடும் கண்டனத்துக்கு உள்ளானது. கம்யூனிஸ்டுகளைத் தன் முதல் எதிரி எனச் சட்டமன்றத்திலேயே அறிவித்த ராஜாஜி, அதே ஆண்டு உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். ரேஷன் முறை விலகியது அவருக்கு நற்பெயர் தந்தது. 1953-ல் கொணர்ந்த கல்வித் திட்டம் 'குலக்கல்வி' என எதிர்க்கப்பட்டது. 1954 ஏப்ரலில் பதவி விலகினார், காமராஜர் முதல்வரானார்.

சுதந்திராக் கட்சி

1959 ஜனவரியில் காங்கிரஸின் நாக்பூர் மாநாடு கூட்டுப் பண்ணை முறையை ஏற்றது. நிலம் உழவனிடமிருந்து அரசின் பிடிக்குச் செல்லும் என்று கருதிய ராஜாஜி, தன் எண்பதாவது வயதில் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். உரிமம், அனுமதி, ஒதுக்கீடு ஆகியவற்றால் நடக்கும் ஆட்சியை 'பெர்மிட் லைசென்ஸ் ராஜ்' என்றார்.

ஆனால் சோவியத் எதிர்ப்பு அவரை அமெரிக்க ஆயுதங்களின் ஆதரவாளராக்கவில்லை. அணு ஆயுதச் சோதனையை யார் செய்தாலும் எதிர்த்தார். 1962-ல் காந்தி அமைதி நிறுவனக் குழுவுக்குத் தலைமை தாங்கி அமெரிக்கா சென்று, அதிபர் கென்னடியைச் சந்தித்துச் சோதனைகளை நிறுத்தக் கோரினார்.

1967-ல் காங்கிரஸை வீழ்த்த அண்ணாதுரையின் தி.மு.க.வுடன் கூட்டணி அமைத்தார். அதே அணியில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் இருந்தது. 1952-ல் கம்யூனிஸ்டுகளைத் தடுக்கக் காங்கிரஸுக்குத் துணைநின்றவர், பதினைந்து ஆண்டுகளில் காங்கிரஸைத் தடுக்க அவர்களுடன் ஒரே அணியில் நின்றார். அக்கூட்டணி வென்றது. மக்களவையில் சுதந்திராக் கட்சி 44 இடங்களுடன் பெரிய எதிர்க்கட்சியானது. 1971 தேர்தலில் சரிந்த கட்சி, அவர் மறைவுக்குப் பின் நீடிக்கவில்லை.

நினைவு

தொரப்பள்ளியில் அவர் பிறந்த வீடு அரசு நினைவு இல்லமாக உள்ளது. அருகிலுள்ள ஓசூர், அரசு நிறுவனமான சிப்காட் அமைத்த தொழிற்பேட்டைகளாலும் அங்கு வந்த தனியார் ஆலைகளாலும் வளர்ந்த நகரம்.