சில்வியா கார்ட்ரைட்

டேம் சில்வியா கார்ட்ரைட் (பிறப்பு: 1943, டனீடின்) நியூசிலாந்தின் முன்னாள் நீதிபதி, அந்நாட்டின் தலைமை ஆளுநராகவும் இருந்தவர். ஆக்லாந்திலுள்ள தேசிய மகளிர் மருத்துவமனை குறித்து 1987–88இல் இவர் நடத்திய விசாரணையே, நியூசிலாந்தில் நோயாளியின் உரிமை சட்டமாவதற்கு அடித்தளமிட்டது.

பின்னணி

கருப்பை வாயில் தோன்றும் புற்றுநோய்க்கு முந்தைய திசு மாற்றம் பெரும்பாலும் புற்றுநோயாக முற்றாது என்று அம்மருத்துவமனையின் பெண்நோய் மருத்துவர் ஹெர்பர்ட் கிரீன் நம்பினார். 1966இல் மருத்துவமனைக் குழுவின் ஒப்புதலோடு, அத்தகைய பெண்கள் சிலருக்கு முழுச் சிகிச்சை தராமல் கண்காணிப்பில் வைத்தார். தாங்கள் ஓர் ஆய்வில் இருப்பது அப்பெண்களுக்குத் தெரியாது. சக மருத்துவர்களான வில்லியம் மெக்கிண்டோவும் மால்கம் மெக்லீனும் விடுத்த எச்சரிக்கைகளுக்கு நிர்வாகம் செவிசாய்க்கவில்லை. இவர்கள் இருவரும் ரான் ஜோன்ஸ் உள்ளிட்டோரும் 1984இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை உண்மையைப் புலப்படுத்தியது: தொடர் பரிசோதனைகளில் பாதிப்பு நீங்காதிருந்த பெண்களில் 22 விழுக்காட்டினருக்குப் புற்றுநோய் முற்றியது, இயல்பு நிலைக்குத் திரும்பியோரில் அது 1.5 விழுக்காடுதான். 1987 ஜூனில் சாண்ட்ரா கோனி, பிலிடா பங்கிள் ஆகியோர் 'மெட்ரோ' இதழில் இதை எழுதியதும் அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது.

விசாரணையும் விளைவும்

அப்போது மாவட்ட நீதிமன்ற நீதிபதியாக இருந்த கார்ட்ரைட், மருத்துவர்களின் சாட்சியத்துக்கு நிகராகப் பாதிக்கப்பட்ட பெண்களின் சாட்சியத்துக்கும் இடமளித்தார். 1988 ஆகஸ்டில் வெளியான அறிக்கை, பல பெண்களுக்கு உரிய சிகிச்சை தரப்படவில்லை என்றும், சிலருக்குப் புற்றுநோய் முற்றியது, சிலர் இறந்தனர் என்றும் உறுதிசெய்தது. தவறு ஒரு மருத்துவரோடு முடியவில்லை. தெரிந்தும் தடுக்காத நிர்வாகத்துக்கும் அதில் பங்குண்டு என்றது.

நோயாளியின் ஒப்புதலைக் கட்டாயமாக்குதல், ஆய்வுகளைச் சுதந்திரமான நெறிமுறைக் குழுக்கள் மேற்பார்வையிடுதல், நாடு தழுவிய கருப்பை வாய்ப் பரிசோதனைத் திட்டம் ஆகியவை அதன் முக்கியப் பரிந்துரைகள். இவற்றின் தொடர்ச்சியாக 1994இல் சுகாதார, மாற்றுத்திறனாளர் ஆணையர் சட்டம் நிறைவேறியது. அதன்கீழ் 1996இல் நடைமுறைக்கு வந்த நோயாளி உரிமைத் தொகுப்பு பத்து உரிமைகளைப் பட்டியலிடுகிறது. சிகிச்சை குறித்து முழுமையாக அறிவதும், அறிந்தபின் ஏற்பதும் மறுப்பதும் நோயாளியின் உரிமை என்று அது வரையறுக்கிறது.

பிற பணிகள்

1993இல் நியூசிலாந்து உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். 2001 முதல் 2006 வரை தலைமை ஆளுநராகப் பணியாற்றினார். பின்னர் கம்போடியாவில் கெமர் ரூஜ் ஆட்சியின் குற்றங்களை விசாரித்த தீர்ப்பாயத்தில் நீதிபதியாக அமர்ந்தார். இலங்கைப் போர்க்கால மீறல்கள் குறித்த ஐ.நா. மனித உரிமை அலுவலக விசாரணைக்கு 2014இல் நியமிக்கப்பட்ட மூன்று ஆலோசக வல்லுநர்களுள் இவரும் ஒருவர்.