ஸ்டார்ட்டர் பட்டனை மாத்தப்போறீங்களா?

பழைய பைக்கில் பட்டனை அமுக்கினா சத்தமே இல்லையா? மோட்டாரைக் கழற்ற அவசரப்படாதீங்க. 1970-களின் ஹோண்டா சிபி350-ல் பட்டனின் வேலை, ரிலேயிலிருந்து வரும் மெல்லிய வயரை ஹேண்டில்பாரில் எர்த் செய்வதுதான். பேட்டரியின் தடித்த கேபிள் அந்தப் பக்கமே வராது. நியூட்ரலில் வைத்து, சாவியை ஆன் செய்து, அந்த வயரை இன்ஜின் பாடியில் தொட்டுப் பாருங்க. இன்ஜின் சுத்தினா, கோளாறு பட்டனிலோ எர்த்திலோதான். பச்சைக் களிம்பை உப்புத்தாளால் தேய்ச்சாலே பல பட்டன்கள் பிழைச்சுக்கும்.

சீட்டுக்கு அடியில் மாத்தணுமா? (பழைய இடம்தான் அழகு, ஆனா, வண்டி உங்களோடது!) முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்க. பெயின்ட் மேல் எர்த் கிடைக்காது. தனி வயர் போடுங்க. உரசும் இடங்களில் ஸ்லீவ் கட்டாயம். வயர் தோலுரிந்து ஃப்ரேமில் பட்டா, சாவி போட்டதுமே ஸ்டார்ட்டர் தானா சுத்தும். கியரில் நிக்கிற வண்டி பாய்ஞ்சிடும்.