தையற்பெட்டியின் வரலாறு

வாளுக்கும் வேலுக்கும் வரலாறு எழுதிய புலவர் பலர். ஊசிக்கு எழுதியோர் மிகச் சிலரே. நம் காலனியில் ஒவ்வோர் இல்லத்திலும் பழைய பிஸ்கட்டுத் தகரப்பெட்டி ஒன்று உண்டு. அதனுள் ஊசி, நூலுருண்டை, பொத்தான், பாபின், அங்குல நாடா, துருவேறிய கத்தரி ஆகியவை கலந்து கிடக்கும். அப்பெட்டியைச் சிறிது கிளறிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கற்காலத்து மனிதனே எலும்பைச் சீவி ஊசியாக்கி அதற்குக் காதும் துளைத்தான். தமிழ்நாட்டில் ஊசிக்குச் சங்க நூல்களே சான்று பகர்கின்றன. புறநானூற்றின் 82ஆம் பாடலில் சாத்தந்தையார் என்னும் புலவர் கட்டில் பின்னும் தொழிலாளி ஒருவனைக் காட்டுகிறார். ஊரிலோ விழா, வீட்டிலோ மனைவிக்கு மகப்பேற்று வேளை, வெளியே மழை, பொழுதும் சாய்கிறது. அந்நிலையில் அவன் கையிலுள்ள ஊசி எத்துணை விரைவாக ஓடுமோ, அதனினும் விரைந்து நடந்ததாம் கோப்பெருநற்கிள்ளியின் போர்! மன்னனின் வெற்றியை அளக்க ஓர் ஏழையின் ஊசியே அளவுகோலாயிற்று. பொருநராற்றுப்படையில் வரும் வறியவனது ஆடையோ, வேற்று நூல்களால் ஒட்டுப்போட்டுத் தைக்கப்பெற்ற கந்தை. சிலப்பதிகாரம் புகார் நகரில் வாழ்ந்த துன்னகாரர், அதாவது தையற்காரர், பற்றிக் கூறுகிறது. ‘தையல்’ என்னும் சொல்லே பெண்ணையும் குறிப்பது நம் மொழிக்கு வாய்த்த நயம்.

ஊசிகளிலும் பல சாதி உண்டு. கூட்ஸ் ஷெட்டிற் பணியாற்றியோர் கோணியூசியை அறிவர். விரல் நீளத்தினும் மிக்க அந்த ஊசியிற் சணற்கயிறு கோத்து, நெல்மூட்டையின் வாயை நாலைந்து இழுப்பில் மூடிவிடும் கைகளை என் இளமையில் வியந்து நோக்கியதுண்டு. தைத்த இலையில் விருந்துண்ட நம் முன்னோருக்கோ ஈர்க்கே ஊசியும் நூலும் ஆயிற்று. அதனினும் மலிவான கருவி உலகில் உண்டோ?

சட்டைக்குப் பொத்தானைத் தந்தவர் போர்த்துகீசியர். அச்சொல்லே அவர்கள் மொழியினின்று வந்தது. விரல் நுனியை ஊசியினின்று காக்கும் உலோகக் குல்லாயை வடநாட்டார் அங்குஸ்தானா என்பர். பாரசீகத்தில் ‘அங்குஷ்த்’ என்றால் விரல். உத்தரப்பிரதேசத்து மீரட் கத்தரிகள் பழைய வண்டிகளின் எஃகினின்று அடித்துச் செய்யப்படுபவை; 2013இல் அவற்றிற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்குல நாடாவின் கதை வேறு. 1958 அக்டோபர் முதல் நாளன்று நாட்டில் மெட்ரிக் அளவை தொடங்கிற்று. இரயில்வேயும் மைலை விட்டுக் கிலோமீட்டருக்கு மாறிற்று. தையற்காரர் மட்டும் இன்றளவும் அங்குலத்தை விட்டாரில்லை!

இனிப் பொறிக்கு வருவோம். கைத்தையலில் ஊசி துணியை முற்றிலும் ஊடுருவி மீள்கிறது; ஆதலின் காது அதன் தலைப்புறத்தே அமைந்தது. பொறியின் ஊசியோ முழுதும் உட்புகாது. நுனியருகே காதுடைய அவ்வூசி துணிக்குக் கீழே நூலைக் கண்ணியாக விடும். அடியிலுள்ள ஷட்டில் அக்கண்ணிக்குள் மற்றொரு நூலைச் செலுத்திப் பூட்டிவிடும். (இரு நிலையங்களுக்கிடையே போய்ப்போய் மீளும் நம் ஷட்டில் வண்டிக்கும் பெயர் இதுவே.) அமெரிக்கர் எலியாஸ் ஹௌ 1846இலும், ஐசக் சிங்கர் 1851இலும் உரிமம் பெற்றனர். அவர்களுக்கு முன்னரே, 1830களில், இத்தகைய பொறியைச் செய்தவர் வால்ட்டர் ஹன்ட் என்பார். தையற்பெண்டிரின் பிழைப்புக் கெடுமே என்றஞ்சி அவர் அதனைப் பதிவு செய்யாது விட்டார் என்பர். அவ்வச்சம் வீணன்று. பிரான்சில் திமோனியே என்பாரின் பொறிகளை 1831இல் தையற்காரர் கூட்டம் உடைத்தெறிந்தது. பின்னர் 1849இல் அதே ஹன்ட் நமக்கு ஊக்கைத் தந்தார். நம் பெண்டிர் அதனைத் தாலிக்கொடியிலேயே கோத்து வைத்துள்ளனர். அவருக்கு வேறு சிறப்பு என்ன வேண்டும்!

இயந்திரங்களை ஐயுற்ற காந்தியடிகள் இப்பொறியை மட்டும் விலக்காகக் கொண்டார். 1924இல் அவரிடம் இதுபற்றி வினவியவர் திருவிதாங்கூரிற் பிறந்த ஜி. இராமச்சந்திரன், பிற்காலத்தில் டாக்டர் சௌந்தரம் அம்மையாருடன் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை 1947இல் நிறுவியவர். மனைவி தைத்துத் துன்புறுவதைக் கண்டு இரங்கியே சிங்கர் பொறியை ஆக்கினார் என்றார் அடிகள். சிங்கரின் வாழ்க்கையை ஆராய்ந்தோர் இதனை ஏலார். அவரை ஈர்த்தது ஆதாயமே. எனினும் பொறிக்குப் பின்னே ஒரு பெண்ணின் களைப்பு நிற்பதை அடிகள் கண்டாரே, அதுவே பெரிது.

சிங்கர் நிறுவனம் 1856இல் தவணைமுறையைக் கொணர்ந்தது. அதன் பயனைச் சம்பளத்தில் வாழும் நம் குடும்பங்கள் நன்கறியும். நம் காலனியிலேயே, கணவரை இழந்த அம்மையார் ஒருவர் தவணையில் வாங்கிய உஷா இயந்திரம் ஒன்றைக்கொண்டு மூன்று மக்களைக் கரையேற்றினார். தீபாவளிக்கு முந்திய வாரம் நள்ளிரவு கடந்தும் அவர் வீட்டு மிதிபலகை ஓயாது. கண்பார்வை மங்கிய பின்னர், மெல்லிய கம்பிக்கண்ணியுடன் தகரத்திற் பெண்முகம் பொறித்த நூல்கோக்கும் கருவியே அவருக்குத் துணை. நாற்பதைக் கடந்த எனக்கும் அதன் அருமை இப்போது விளங்குகிறது.

நம் பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, நீலகிரியில், தோடர் குலப் பெண்டிர் சட்டமும் வரைபடமும் இன்றி, நெசவிழைகளை எண்ணியே புத்துக்குளியில் பூவேலை செய்கின்றனர். அதற்கும் 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தெற்கே மூணாற்றில், தேயிலைத் தொழிலாளரின் மாற்றுத்திறனுடைய பிள்ளைகளுக்கென அமைந்த சிருஷ்டி நிலையத்தில், துணியை ஊசிநூலால் இறுக்கிச் சுருக்கி, இயற்கைச் சாயத்தில் தோய்த்து, பின்னர் நூலைப் பிரித்தெடுக்கின்றனர். நூல் இருந்த இடமெல்லாம் சாயம் ஏறாது நின்று கோலமாகிறது.