திறந்திருந்த கதவு: பண்டித ரமாபாயும் கிறிஸ்துவைப் பின்பற்றுதலும்

இந்தியாவில் மதமாற்றத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்தே தொடங்குகின்றனர். யார், எந்தச் சாதியினர், எந்த ஆண்டில், எந்தத் திருச்சபையில் என்ற விவரங்கள் அங்கே ஒழுங்காகக் கிடைக்கின்றன. ஆனால் ஞானஸ்நானம் பெற்ற மறுநாள் காலையில் அவர் என்ன உண்டார், எதை உடுத்தினார், யாருடன் பந்தியில் அமர்ந்தார், தம் கதவை யாருக்குத் திறந்துவைத்தார் என்பவற்றைப் பதிவேடு சொல்வதில்லை. கிறிஸ்துவைப் பின்பற்றுதல் என்று விசுவாசிகள் கூறுவதோ பெரிதும் அந்த மறுநாளைப் பற்றியது. அதற்குச் சான்று தேடும் ஆய்வாளருக்குப் பண்டித ரமாபாயின் (1858–1922) வாழ்க்கை அரியதொரு வாய்ப்பை அளிக்கிறது. அவருடைய அன்றாடப் பழக்கங்களைப் பற்றித் திருச்சபையும் புணே நகரத்துச் சமூகமும் அவருடன் வழக்காடின. வழக்கு நடந்த இடத்தில் எழுத்துச் சான்று எஞ்சும்.

ரமாபாயின் தந்தை அனந்த சாஸ்திரி டோங்கரே, மனைவிக்கும் பின்னர் மகளுக்கும் சமஸ்கிருதம் கற்பித்தவர். தலம் தலமாகச் சென்று புராணம் படித்துப் பிழைத்த அக்குடும்பம், 1870களின் பஞ்சத்தில் மதராஸ் மாகாணத்தில் அலைந்து பெற்றோரையும் மூத்த சகோதரியையும் இழந்தது. எஞ்சிய ரமாபாயும் அண்ணன் ஸ்ரீநிவாசரும் 1878இல் கல்கத்தாவை அடைந்தனர். அங்குள்ள அறிஞர்கள் அவருடைய புலமையைச் சோதித்துப் ‘பண்டிதா’, ‘சரஸ்வதி’ என்ற பட்டங்களை வழங்கினர். அண்ணன் இறந்த பின் 1880இல், பிராமணரல்லாத வங்காள வழக்கறிஞர் பிபின் பிஹாரி மேதாவியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். இரண்டாண்டுகளுக்குள் காலரா கணவரைக் கொண்டுசென்றது. கைக்குழந்தை மனோரமாவுடன் புணேக்கு வந்த அவருக்கு அப்போது வயது இருபத்து நான்கு. மருத்துவம் படிக்கும் எண்ணத்துடன் 1883இல் இங்கிலாந்து சென்று வாண்டேஜ் என்னும் ஊரில் ஆங்கிலிக்கன் கன்னியர் மடத்தில் தங்கினார். அவ்வாண்டு செப்டம்பர் 29ஆம் நாள் தாயும் மகளும் ஞானஸ்நானம் பெற்றனர்.

அவரை அந்த முடிவுக்கு இட்டுச் சென்றதாக அவர் பின்னாளில், 1907இல் எழுதிய சாட்சியத்தில் குறிப்பிடுவது ஒரு வாதத்தை அன்று; ஓர் இடத்தை. லண்டன் ஃபுல்ஹாமில், சமூகம் கைவிட்ட பெண்களுக்காக அக்கன்னியர் நடத்திவந்த இல்லத்தை அவர் கண்டார். தாம் கற்ற சாஸ்திரங்கள் கடுந்தண்டனைக்கு உரியவர்களாகக் காட்டிய பெண்களை இவர்கள் அன்போடு பேணுவது ஏன் என்று வினவினார். விடையாக, யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில் வரும் சமாரியப் பெண்ணின் கதை அவருக்குச் சொல்லப்பட்டது. கிணற்றடியில், தண்ணீர் கேட்டு, விலக்கப்பட்ட ஒருத்தியுடன் உரையாடும் இயேசுவே ரமாபாய் முதலில் அறிந்த கிறிஸ்து. தீட்டு, தண்ணீர், பெண் என்ற மூன்றும் கூடும் அக்காட்சியின் பொருள், பிராமண விதவை ஒருவருக்கு உரைகாரர் உதவியின்றியே விளங்கியிருக்கும்.

ஞானஸ்நானத்துக்குப் பின்னரே பூசல் தொடங்கியது. அவருடைய ஆன்மிக அன்னையாகத் தம்மைக் கருதிய சிஸ்டர் ஜெரால்டினுக்கும் அவருக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தை ஏ. பி. ஷா பதிப்பிக்க, அது 1977இல் நூலாக வெளிவந்தது. மாணவர்கள் அதை வாசிக்கும்போது திரித்துவம், கிறிஸ்துவின் தெய்வத்தன்மை பற்றிய பகுதிகளோடு நின்றுவிடக் கூடாது. அவற்றின் இடையிலேயே உணவையும் அணியையும் பற்றிய வாக்குவாதங்கள் கிடக்கின்றன. ரமாபாய் இறைச்சியும் முட்டையும் உண்ணவில்லை. இது சாதிச் செருக்கின் மிச்சம், தாழ்மை முற்றாத மனத்தின் அடையாளம் என்பது ஜெரால்டினின் கருத்து. தாம் இந்துப் பெண் என்று அழைக்கப்படுவதை விரும்புவதாகவும், மனச்சான்றுக்கு முரணாகாத வரையில் முன்னோரின் வழக்கங்களைக் காப்பதாகவும் ரமாபாய் விடையளித்தார். இலத்தீன் வாசகம் பொறித்த சிலுவையை அணிவது பற்றிய பேச்சு எழுந்தபோது, தம் மக்கள் அறியாத இலத்தீன் சமஸ்கிருதத்தினும் எவ்வகையில் புனிதமானது என்று கேட்டார். செல்ட்டனம் மகளிர் கல்லூரியில் தங்கியிருந்த நாட்களில் ஆண்களுக்குப் பாடம் சொல்லும் வாய்ப்பு வந்தது; இந்தியப் பெண்ணுக்கு அது தகாது என்று ஆங்கிலிக்கன் ஆயர்கள் தடுத்தனர். இந்தியாவில் ஆண்கள் நிறைந்த அவைகளில் பேசிப் பழகியவர் அவர். இந்தத் தடை அவரை ஆழமாகப் புண்படுத்தியது. இந்தியப் புரோகிதரின் நுகத்தடியை அரும்பாடுபட்டுக் கழற்றிய தாம் அதே போன்ற மற்றொரு நுகத்தடிக்குள் கழுத்தை நீட்ட இயலாது என்ற கருத்தை அக்காலக் கடிதத்தில் தெளிவாகவே எழுதினார்.

இக்கடிதங்களை உமா சக்ரவர்த்தி, மீரா கோசாம்பி, கௌரி விஸ்வநாதன் ஆகியோர் ஏற்கெனவே கூர்மையாக ஆராய்ந்துள்ளனர். பேரரசின் சமயத்தையும் பிராமண ஆணாதிக்கத்தையும் ஒருங்கே எதிர்த்த குரல் என்பது அவ்வாய்வுகளின் வழியே நமக்குப் பழகிவிட்ட சித்திரம். அதை மறுப்பதற்கில்லை. எனினும், எதிர்ப்பு என்ற ஒரே சொல்லால் இவ்வாழ்வை விளக்கினால் ஒன்று விடுபடும். ரமாபாய் சாதி கடந்து மணந்தவர்; கடல் கடந்தவர்; சமயம் மாறியவர். சாதி ஆசாரத்தைக் காப்பது அவர் நோக்கமாக இருந்திருந்தால் இவற்றில் எதையும் செய்திருக்க மாட்டார். ஆகவே தட்டில் எதை இடுவது என்பதை அவர் ஆசாரமாகக் கொள்ளவில்லை. தாம் அறிந்த ஆண்டவரைத் தவிர வேறெவரும் தீர்மானிக்கக் கூடாத ஒன்றாகவே கொண்டார். யாரைப் பின்பற்றுகிறோம் என்பதில் உறுதி இருந்ததனாலேயே, எவற்றையெல்லாம் பின்பற்றத் தேவையில்லை என்று அவரால் சொல்ல முடிந்தது.

இந்நிலைப்பாட்டின் கடினமான சோதனை இந்தியாவில் காத்திருந்தது. அமெரிக்காவில் 1887இல் வெளியான ‘உயர்சாதி இந்துப் பெண்’ என்னும் ஆங்கில நூலின் வழியாகவும் பாஸ்டனில் அமைந்த ரமாபாய் சங்கத்தின் வழியாகவும் பொருள் திரட்டி, 1889 மார்ச் 11 அன்று பம்பாயில் ‘சாரதா சதன்’ என்னும் விதவைப் பெண்களுக்கான இல்லப் பள்ளியைத் தொடங்கினார். மறு ஆண்டு அது புணேக்கு மாறியது. சமயச் சார்பின்றி நடத்துவதாக வாக்களித்திருந்தார். உயர்சாதிப் பெண்கள் தங்கள் ஆசாரப்படி சமைத்து உண்ணவும் வழிபடவும் அங்கே தடையில்லை. ரானடே, பண்டார்கர் போன்ற சீர்திருத்தவாதிகள் ஆலோசனைக் குழுவில் இருந்தனர். நாள்தோறும் காலையில் ரமாபாய் தம் அறையில் மகளோடு வேதம் வாசித்துச் செபிப்பார். அறைக் கதவை அவர் சாத்துவதில்லை. சில மாணவியர் உள்ளே வந்து அமரத் தொடங்கினர். 1893இல் இது பெரும் கிளர்ச்சியாக வெடித்தது. திலகரின் ‘கேசரி’ கடுமையாகத் தாக்கியது; ஆலோசனைக் குழுவினர் விலகினர்; காப்பாளர் பலர் பெண்களைத் திரும்ப அழைத்துச் சென்றனர்.

அந்தக் கதவை ரமாபாய் ஏன் சாத்தவில்லை? சாத்தியிருந்தால் நிறுவனம் தப்பியிருக்கும். புகழும் நிதியும் நண்பர்களும் நிலைத்திருப்பர். யாரையும் அழைக்கவில்லை, யாரையும் தடுக்கவும் இல்லை என்பது அவர் தரப்பு. தம் அறையில் தாம் செபிப்பதை ஒளிப்பது, பின்பற்றுகிற ஒருவரை மறுதலிப்பதற்கு ஒப்பாகும் என்று அவர் கருதினார் என நான் வாசிக்கிறேன். இதற்கு ஒரு பின்புலமும் உண்டு. ஞானஸ்நானம் பெற்று ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் வரை தாம் கிறிஸ்தவ சமயத்தையே கண்டிருந்ததாகவும், கிறிஸ்துவைக் காணவில்லை என்றும் 1907ஆம் ஆண்டுச் சாட்சியத்தில் அவர் கூறுகிறார். அக்காலத்தில் தமக்கு வழிகாட்டிய வாசிப்புகளுள் வில்லியம் ஹாஸ்லம் என்ற ஆங்கிலிக்கன் போதகரின் தன்வரலாற்றையும் குறிப்பிடுகிறார். 1891 அளவில் நேர்ந்த இந்த உள்மாற்றத்துக்கும் 1893இன் கதவுக்கும் இடையில் இரண்டே ஆண்டுகள். சமயம் என்ற அளவில் நின்றிருந்தால் கதவைச் சாத்துவது ஒரு நிர்வாக ஏற்பாடாக முடிந்திருக்கும்.

எதிர்த்தரப்பின் கேள்வியும் எளிதில் தள்ளத்தக்கதன்று. வேறு புகலிடமற்ற இளம் விதவைக்கு, தன்னைக் காப்பவரின் செபம் வெறும் திறந்த கதவுதானா? அன்பே ஓர் அழுத்தமாக இயங்காதா? ரானடேயும் பண்டார்கரும் பெண்கல்விக்குப் பகைவர் அல்லர். கொடுத்த வாக்கு மீறப்பட்டதாகவே அவர்கள் நம்பினர். மறுபுறம், சாரதா சதனின் முதல் விதவை மாணவியான கோதுபாய் இந்துவாகவே இருந்து, 1893ஆம் ஆண்டிலேயே தோண்டோ கேசவ் கார்வேயை மறுமணம் செய்துகொண்டார். கார்வே 1896இல் விதவைகளுக்கான நிறுவனத்தைத் தொடங்கினார். வெளியேறவும் அக்கதவு திறந்திருந்தது என்பதற்கு இது ஒரு சான்று. ஆனால் ஒருவரின் எடுத்துக்காட்டைக் கொண்டு எல்லாருடைய நிலையையும் தீர்மானிக்க முடியாது.

1896–97 பஞ்சத்தின்போது கேள்வி இன்னும் கூர்மையடைந்தது. மத்திய மாகாணங்களில் பெண்குழந்தைகள் பசியால் மடிவதையும் விற்கப்படுவதையும் அறிந்தபோது, இருபது ஆண்டுகளுக்கு முன் தம் குடும்பம் பட்டினி கிடந்த நாட்கள் ரமாபாய்க்கு நினைவுக்கு வந்தன. அவர் நேரில் சென்று நூற்றுக்கணக்கான பெண்களை அழைத்து வந்தார். புணேயில் பிளேக் நோய்க் கட்டுப்பாடுகள் இருந்தமையால் நகருக்கு வெளியே கேட்காவில் வாங்கியிருந்த நிலத்தில் கூடாரங்கள் எழுந்தன. ‘முக்தி’ இல்லம் பிறந்தது இவ்வாறே. அதே 1897இல், பிளேக் மருத்துவமனையில் பெண்கள் நடத்தப்பட்ட முறையைக் கண்டித்து ‘பாம்பே கார்டியன்’ இதழில் அவர் எழுதிய கடிதம் பம்பாய் அரசைச் சினமூட்டியது. ஆட்சியாளரின் சமயத்தைத் தழுவியவர் ஆட்சிக்கு அடங்குவார் என்ற எதிர்பார்ப்பும் இங்கே பொய்த்தது.

1900ஆம் ஆண்டின் பஞ்சத்தில் குஜராத்திலிருந்து வந்தோரையும் சேர்த்து முக்தியில் ஏறத்தாழ 2,000 பேர் இருந்தனர். சாரதா சதனில் உயர்சாதி விதவைகள் தத்தம் ஆசாரத்தைக் காத்தனர். முக்தியில் பல சாதிப் பெண்களும் ஒன்றாக வாழ்ந்து ஒன்றாக உழைத்தனர். எழுத்தறிவோடு நெசவு, வேளாண்மை, சமையல், அச்சுத்தொழில் என ஏதேனும் ஒரு தொழிலும் கற்பிக்கப்பட்டது. பார்வையற்றோருக்கு மனோரமா பிரெய்ல் முறையைக் கற்றுவந்து பயிற்றுவித்தார். முக்தி வெளிப்படையான கிறிஸ்தவ இல்லம். 1905இல் அங்கு நிகழ்ந்த எழுப்புதல் உலகெங்கும் பேசப்பட்டது. பசியிலிருந்து மீட்கப்பட்ட சிறுமியின் விசுவாசத்தில் அவளுடைய சொந்த விருப்பம் எவ்வளவு என்ற வினா இங்கே கட்டாயம் எழ வேண்டும். அவ்வினாவை எழுப்பும் நாம், அச்சிறுமியரைத் தேடி அந்நேரத்தில் யார் நடந்து சென்றனர் என்ற வினாவையும் அதனருகே வைத்தல் நியாயம்.

ரமாபாயின் கடைசிப் பணி மராத்தி வேதாகமம். எபிரேயமும் கிரேக்கமும் கற்று, மூலத்திலிருந்து தாமே மொழிபெயர்த்தார். முந்தைய மொழிபெயர்ப்பின் சமஸ்கிருதச் சொற்கள் எளிய பெண்களுக்கு விளங்கவில்லை என்பது அவர் குறை. சமஸ்கிருதப் புலமைக்காகவே ‘சரஸ்வதி’ என்று பட்டம் பெற்றவர், தம் மொழிநடையிலிருந்து அப்புலமையின் சுவடுகளை வேண்டுமென்றே களைந்தார். பஞ்சத்திலிருந்து வந்து, முக்தியில் எழுத்துக் கற்ற பெண்களே அதற்கு அச்சுக்கோத்தனர். 1921இல் மனோரமா இறந்தார். 1922 ஏப்ரல் 5 அன்று ரமாபாயும் மறைந்தார். முழு வேதாகமம் 1924இல் அச்சில் வெளிவந்தது.

வாண்டேஜில் தம் உணவை விட்டுக்கொடுக்க மறுத்த அதே பெண், கேட்காவில் தம் புலமையை விட்டுக்கொடுத்தார். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது அவருடைய பின்பற்றுதலின் அளவுகோல் புலப்படுகிறது. மேலிருந்து அதிகாரம் கேட்டபோது அவர் இம்மியும் அசையவில்லை. கீழிருந்து தேவை கேட்டபோது தமக்கிருந்த ஆகப்பெரிய செல்வத்தையே இறக்கி வைத்தார். அவர் ஃபுல்ஹாமில் கேட்ட கதையிலும் இயேசு சமாரியப் பெண்ணின் முன் தாகத்தோடுதான் அமர்ந்திருக்கிறார்.

மதமாற்றத்தை ஆராயும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதிவேட்டை வாசியுங்கள், அது இன்றியமையாதது. அத்துடன் நில்லாமல் சமையலறைக் கணக்கு, துணி வாங்கிய சீட்டு, விடுதி விதிகள், கோபத்தில் எழுதிய கடிதங்கள் ஆகியவற்றையும் தேடுங்கள். ஒருவர் எதை நம்பினார் என்பதை விசுவாச அறிக்கை சொல்லிவிடும். அந்த நம்பிக்கையோடு அவர் எப்படி வாழ்ந்தார் என்பதற்குச் சான்று இத்தகைய தாள்களில்தான் கிடக்கிறது.